பின்னாமல் இருந்த மாதங்கள்

எனக்கு விவாகரத்து கிடைத்தது எழுபத்தேழில். ஆரணியில் அப்போது அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. நான் தெருவில் நடந்தால், "தீத்துகினு வந்த டீச்சர் போவுது" என்பார்கள். என் காதில் விழட்டும் என்றேதான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் பட்டுப்புடவை வியாபாரி. குடித்தால் அடிப்பார், குடிக்காத நாளில் அதற்கும் சேர்த்து அடிப்பார். விலகுவதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பொண்ண உட்டுட்டுப் போ, கையெழுத்து போடறேன்." எங்களுக்கு ஒரே பெண், பத்து வயது. நான் விட்டுவிட்டு வந்தேன். இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது. உயிர் தப்பினால் போதும் என்று இருந்தது.

அடுத்த வருஷமே அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் வீட்டுக்கும் என் வாடகை வீட்டுக்கும் நடுவே மூன்று தெரு. மகள் பள்ளிக்கூடம் போகும்போது என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பத்து வயதில் தெரியாதது என்ன இருக்கிறது?

என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் தம் சபையில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர் பின்னுவார். நான் ஆசிரியர் அறையில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒருநாள் இரண்டு ஊசியையும் ஒரு நூல்கண்டையும் மடியில் வைத்தார். "கை சும்மா இருந்தாத்தான் மனசு பேஜார் பண்ணும். பின்னுங்க." ஆரணி வெயிலில் கம்பளியா என்று நான் கிண்டல் செய்தேன். ஆனால் மார்கழிப் பனியில் குழந்தைகளுக்குக் குல்லா வேண்டித்தானே இருக்கிறது. முதல் குல்லா என் முழங்காலுக்குப் பொருந்தும் அளவில் வந்தது. ஆறு மாதத்தில் கை படிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் என் பொட்டலம் போகும். என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறவர்கள்கூட அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். ஊசி ஓடுகிற நேரத்தில் மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நிம்மதி வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மகளுக்குப் பத்தொன்பது ஆனதும் பெரணமல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் பத்திரிகை வரவில்லை. மறு வருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. அவள் அப்பா வீட்டுக்கு, சித்தியிடம் வந்தாள். வளைகாப்பும் அங்கேதான் நடந்தது. நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய் நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் வளையல். உட்காரவில்லை.

"ஊருக்கெல்லாம் பின்றீங்களே. எனக்கு எதுனா பின்னிகினு இருக்கீங்களா?"

சேதி தெரிந்த நாளிலிருந்து நான் வேறெதையும் பின்னவில்லை. மஞ்சள் ஸ்வெட்டர், குல்லா, கட்டைவிரல் அளவுக்கு இரண்டு சாக்ஸ். எடுத்துக் கையில் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள். "பொறக்கறதுக்கு முன்னாடி புதுசு எதுவும் வெச்சிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே. பழைய துணிதான் மொதல்ல போடணும்னு."

எனக்கும் தெரியாதா? ஆனால் சிரித்தேன். "பத்தாவது படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்றேன். நான் கேலி பண்ணினால் யாருக்கும் ரோஷம் வரும். அவளுக்கும் வந்தது. பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

குழந்தை அழாமலே பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது என்றார் டாக்டர்.

நான் ஓடினேன். அவள் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மகளின் பெட்டியில் இருந்த மஞ்சள் ஸ்வெட்டரைச் சித்தி கண்டுபிடித்துவிட்டிருந்தாள். "மாசக்கணக்கா நூல சுத்திகினே இருந்தா, கொடி சுத்தாம என்னா பண்ணும்?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கர்ப்பிணிகள் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறார்கள், பிரசவ வலி வரும் வரைக்கும் ராட்டையை விடுவதில்லை, அவர்களுக்கெல்லாம் ஏன் சுற்றவில்லை என்று நானும் கத்தினேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு நியாயம் பேசினேன். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அவங்கள போவச் சொல்லுப்பா."

பொட்டலம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது, பழைய செய்தித்தாளில் சுற்றி.

மறு வருஷம் கிறிஸ்தவ டீச்சர் என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். கடைத்தெருவில் அவரை நிறுத்திப் பேசியிருக்கிறாள். "இந்த வாட்டி எதுவும் பின்ன வேணாம்னு சொல்லுங்க. எனக்குன்னு இல்ல. யாருக்குமே."

மூடத்தனம் என்றேன். டாக்டரே காரணம் சொன்ன பிறகும் இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று பொரிந்து தள்ளினேன். வீட்டுக்கு வந்து ஊசிகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். அந்த மாதங்களில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே திருத்திய நோட்டுகளை மறுபடி திருத்தினேன். அந்த டீச்சருக்கே முதல் பேத்தி பிறந்தாள். வெறும் கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பையன் பிறந்தான். மூன்று கிலோ, நல்ல குரல் என்று ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் மாதத்தில் அவர்களைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பெரணமல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் டீ குடிக்கவோ எதற்கோ போயிருந்தார். காலைப் பனி. குழந்தையின் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். இந்தத் தடவை அவள் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் அவளே இரண்டு அடி நடந்து வந்தாள். துண்டை விலக்கி முகத்தைக் காட்டினாள். என் அப்பாவின் மூக்கு. கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை.

"நல்லா இருக்கான்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபம் துளிகூட இல்லை. "நீங்க பின்னாம இருந்தீங்க. டீச்சரம்மா சொன்னாங்க. அதான் நல்லா பொறந்தான். ரொம்ப நன்றிங்க."

மனசாரச் சொன்னாள். அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லி அவளை ஜெயித்துவிட்டால் மறுபடி என்னிடம் பேச அவளுக்கு என்ன இருக்கிறது?

"இனிமேலும் பின்ன மாட்டேன்மா," என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.