சரித்துக் கட்டிய முதல் மெட்டு

தியாகலிங்கம் முப்பது வருடம் லிஃப்ற் திருத்தினார். டவுன்ரவுணில் ஓர் இசைக் கல்லூரியின் லிஃப்ற் பழுதான நாளில், உதிரிப்பாகம் வரும்வரை மூன்றாம் மாடி நடையில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தார். அருகிலிருந்த அறைக்குள் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

உள்ளே கண்டது பரோக் கிற்றார், முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய வாத்தியம். இடுப்பு ஒடுங்கிய சின்ன உடல், ஐந்து வரிசையில் ஒன்பது தந்திகள். விரல் வைக்கும் மெட்டுகள்கூட உலோகமல்ல, கழுத்தைச் சுற்றி முடிச்சிட்ட நரம்பு. வெயிலுக்கும் ஹீற்றருக்கும் சுருதி இறங்கும் வாத்தியம். பிறகு தானும் ஒன்று வாங்கிப் பழகினார்.

"நீங்கள் சுருதி சேர்த்து முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கறி வைச்சு இறக்கிப்போடுவன்" என்பாள் மனைவி தவமணி.

"நீர் வையும். இரண்டும் சேந்து இறங்கட்டும்."

பெப்ரவரியில் அவர் இறந்தார். தவமணி கேட்டது ஒன்றுதான். முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, நீக்கிலாஸ் அவருடைய கிற்றாரை ஒருமுறை வாசிக்கவேண்டும். நீக்கிலாஸ் பதினொரு வருடம் புதன்கிழமைகளில் அவரோடு சேர்ந்து லூட் என்ற பழைய தந்தி வாத்தியம் வாசித்தவர்.

அதற்கு முந்தின நாள் காலை மகள் மயூரி கிற்றார்ப் பெட்டியைத் திறந்தாள். அவள் மார்க்கம் நகரில் எந்திரவியலாளர். முதல் மெட்டு சரிந்து கிடந்தது. ஒரு மாதம் கவனிப்பாரில்லாமல் நழுவியிருக்கும் என்று எண்ணினாள். தந்தியின் நீளம் 680 மில்லிமீற்றர். கணக்குப் போட்டாள்: தந்தி தொடங்கும் மேல் விளிம்பிலிருந்து முதல் மெட்டுக்கு 38.2. இரு பக்கமும் அந்த அளவில் நேராக நிறுத்தினாள்.

மறுநாள் ஸ்ரௌவ்வில் நகரில் தவமணியின் வீட்டில், சாப்பாடு முடிந்து, நீக்கிலாஸ் வாசித்தார். சுருதி கடித்தது. மறுபடி சேர்த்தார். மறுபடி கடித்தது.

"உது அவரின்ர சத்தமில்லை" என்று சொல்லிவிட்டுத் தவமணி பாத்திரம் கழுவப் போனாள். குசினி விசிறி இரைந்தது.

நீக்கிலாஸ் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "பிள்ளை, முதல் மெட்டில கை வைச்சனியே?"

"ஓம் அங்கிள். சரிஞ்சு கிடந்தது. கணக்குப் பாத்து நேராக்கினன்."

"உன்ர அப்பா சரிச்சுத்தான் கட்டினவர். அந்தக் காலத்துச் சுருதிக்கு ஒரு தந்தி கொஞ்சம் கூட நிக்கவேணும், மற்றது கொஞ்சம் குறைய. 'லிஃப்ற் நேரா நிக்கவேணும், உது நேரா நிண்டா அழும்' எண்டுவார்."

"எவ்வளவு சரிவு?"

"அவரின்ர காதுக்குத்தான் தெரியும். வேணுமெண்டால் என்ர காதுக்கு வைக்கிறன்."

மயூரி வேண்டாமென்றாள். எந்த ஆணியைக் கழற்றுமுன்னும் அளந்து குறிப்பவள், இந்தச் சரிவை நேராக்குமுன் அளக்கவில்லை.

வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்து, போன் வெளிச்சத்தைக் கழுத்தின் மேல் சாய்த்துப் பிடித்தாள். வருடக்கணக்காக விரல் பட்டுக் கறுப்பு மரம் மினுங்கியது. ஓரிடத்தில் மட்டும் மினுக்கமில்லை. நரம்பு மூடியிருந்த இடம். மயிர் அளவு மங்கல் கோடு, சரிவாக.

நேற்றே துடைத்துப் பொலிஷ் போடத் துணி எடுத்திருந்தாள். யாரோ வந்து கதவு தட்டியதில் மறந்துபோனாள்.

இரண்டு பெருவிரலாலும் நரம்பைத் தள்ளினாள். கோட்டை நெருங்க நெருங்க அது இறுகியது. கோட்டின் மேல் வந்ததும் நின்றது. அளந்தாள். மெல்லிய தந்திப் பக்கம் 40.4, மறுபக்கம் 37.2. எழுதிவைத்தாள்.

நீக்கிலாஸ் சுருதி சேர்த்தார். நேரமெடுத்தது. பிறகு வாசித்தார்.

குசினியில் முதலில் குழாய் நின்றது. பிறகு விசிறியும்.