சாட்சி சொன்ன பிறகு மாத்திரை எதற்கு

ஜெபக்கூட்டம் என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கொச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்த மூளையில் எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு சேர்கிறது என்று கணினியில் வலை வரைவதுதான் வேலை. புரதம் ஒரு புள்ளி, சேர்க்கை ஒரு கோடு. கோடுகள் அதிகம் வந்து சேரும் புள்ளியைப் பிடித்தால் அங்கே மருந்தைச் செலுத்தலாம் என்று நம்பிக்கை. நம்பிக்கைதான், வேறென்ன. எந்த மூளை வியாதிக்கு வலை போட்டாலும் அதே பழைய புள்ளிகள்தான் நடுவில் வந்து உட்காருகின்றன, எந்தச் சண்டைக்கும் பஞ்சாயத்துப் பேச வந்துவிடுகிற ஆளைப்போல. எல்லாரும் அவற்றையே ஆராய்ந்திருக்கிறார்கள், அதனால் அவற்றுக்குக் கோடும் அதிகம். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே என் இளமை போயிற்று.

அம்மா பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். முதல் தடவை அவளுக்குப் பக்கவாதம் லேசாகத்தான் வந்தது. வலது கை தளர்ந்தது, வாய் சற்றுக் கோணியது. கோட்டயத்தில் பார்த்த டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் பிரஷருக்கு ஒன்றும் எழுதினார். நிறுத்தவே கூடாது என்று மலையாளத்திலும் தெரிந்த தமிழிலும் சொல்லி அனுப்பினார். அம்மா தேறினாள், கையும் சரியானது.

அவளைப் பார்க்க லீவில் வந்திருந்தபோதுதான் அவளுக்கு லேப்டாப்பில் என் வலையைக் காட்டினேன்.

“இதுல என் சீக்கு எங்கட்டி இருக்கு?”

நடுவிலிருந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். “இதுவா இருக்கலாம்னு பாத்துட்டிருக்கோம்மா. மருந்துன்னு வர இன்னும் ரொம்ப வருசம் ஆகும்.” முன்பாதிதான் அவள் மனதில் நின்றது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஞாயிறு சாயங்காலம் முறைவைத்து வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம், அதன் பிறகு சாட்சி. சுகம் கிடைத்தவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது இன்னும் பெரிய விசுவாசம். நான் கொச்சிக்குத் திரும்பிய வாரமே அம்மா எழுந்து, “என் மக கையாலயே எனக்கு மருந்து வந்துருச்சு, கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டாரு” என்று சொல்லியிருக்கிறாள். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் அல்லேலூயா சொல்ல, லயமே கைதட்டியிருக்கிறது. இதெல்லாம் வெகுநாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அடுத்த வீட்டு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான், மாத்திரை நின்றது. சாட்சி சொன்னவள் மறுநாள் காலையில் மாத்திரை முழுங்கினால் ஊர் என்ன நினைக்கும்? ஒரே சுவரை இரண்டு வீடு பங்கு போடுகிற லயத்தில் எதை மறைக்க முடியும்? நிறுத்து என்று உபதேசியார் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. வெட்கம்தான் நிறுத்தியது. போனில் நான் கேட்கும்போதெல்லாம், “போட்டேன்ட்டி, போட்டேன்” என்று கூசாமல் புளுகினாள்.

இரண்டாவது தடவை வந்தது லேசானதில்லை. ஜீப் பிடித்து மலை இறங்கிக் கோட்டயம் போய்ச் சேர்வதற்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுகிற நேரம் தாண்டிவிட்டது. அம்மாவுக்குப் பேச்சு போயிற்று. வலது பக்கம் அசைவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு, கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. உபதேசியார் என்னைப் பேசச் சொன்னார். எழுந்தேன்.

“எங்கிட்ட மருந்து கிடையாது. எங்க ஆய்வுக்கூடத்துல ஒருத்தர்கிட்டயும் கிடையாது. மாத்திரைய நிறுத்துனதாலதான் எங்கம்மா இப்படிக் கெடக்கா.”

“பிள்ள மனசு நொந்து பேசுது, நாம ஜெபிப்போம்” என்றார் உபதேசியார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கூட்டம் கலைந்ததும் அடுத்த வீட்டு அத்தை மட்டும் நின்றாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். என்னை அடுப்படிக்கு ஒதுக்கிக் கூட்டிப்போனாள்.

“எல்லாரு முன்னாடியும் சொல்ல முடியாதுதான், எனக்குப் புரியாதா? மருந்து கைக்கு வந்ததும் மொதல்ல எனக்குக் குடுத்துரு தாயி. உன் மருந்து வருதேன்னு நானும் பிரஷர் மாத்திரைய விட்டுட்டேன்.”

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாத்திரையைத் தேடி எடுக்க வைத்தேன். தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

“முழுங்குங்க. என் கண்ணு முன்னாடி முழுங்குங்க.”

என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் முழுங்கினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நெசமாவே உங்கிட்ட ஒண்ணும் இல்லையா?”

“இல்ல அத்தை.”

அவள் சுவரோரம் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.