லைனில் நிற்பவர்கள்

இந்த ஊரில் காத்திருப்பவர்களுக்கு வீணை வாசித்துக் காட்டுகிறார்கள். மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்தாலும், டாக்டரோ நர்ஸோ வந்து பேசும்வரை ரெலிபோனில் வீணை ஒலிக்கும். வரவேற்பு மேசையில் என் முன்னால் சின்னச் சின்ன விளக்குகள் வைத்த ஒரு கருவி. மினுங்கும் ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று மூன்று கிளைகளுக்கும் ஒரே இணைப்பு. நான் இங்கே நிறுத்திவைக்கும் அழைப்பை அடையாறில் இருப்பவர் பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது என்னிடமே திரும்பி வந்து மணியடிக்கும். சேர்ந்த புதிதில் எல்லோரும் இதைப் பெரிய வசதி என்றார்கள். எனக்கோ அந்த விளக்குகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அங்கே வவுனியாவில், நம் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஏன் என்று விளங்கும். போர் நடந்த காலத்தில் நானும் அம்மாவும் வவுனியாவில் இருந்தோம். அண்ணன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். காசு கொடுத்து ரெலிபோன் பேசும் கொமினிகேஷன் கடையில் சனத்தோடு சனமாக நின்று, தன் முறை வந்ததும் என் கைபேசிக்கு அழைப்பு எடுப்பான். "சாப்பிட்டனியா, அம்மா சாப்பிட்டவவா" என்று கேட்பதிலேயே பாதி நேரம் போய்விடும். கடைசியாக எடுத்த அன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே ஏதோ சத்தம். "லைனில நில்லு, இந்தா வாறன்" என்றான். ரிசீவரை மேசையில் வைப்பது கேட்டது. பிறகு ஆட்கள் ஓடுவது கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லைன் எப்போது அறுந்தது என்று எனக்குத் தெரியாது. அறுந்த லைனும் ஆளில்லாத லைனும் காதுக்கு ஒன்றுதான்.

ஆகவே இங்கே பயிற்சியில் சொல்லித்தந்த "லைன்லயே இருங்க" என்ற வாசகம் என் வாயில் வருவதில்லை. அதற்குப் பதிலாக நான் ஒன்று செய்கிறேன். நிறுத்திவைத்த ஒவ்வோர் அழைப்புக்கும் இடையிடையே திரும்பப் போய், வீணையை நிறுத்தி, "நான் இங்கதான் இருக்கிறன், உங்கள விட்டுட்டுப் போகேல்ல" என்று சொல்லிவிட்டு வருவேன். சென்னைக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "மேடம் கேரளாவா?" என்று சிலர் கேட்பார்கள். "நீ அங்க கீறதுல எனக்கு இன்னாம்மா? டாக்டர் எங்க?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். என் மேலாளர் வைதேகி மேடம் மாடவீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏண்டிம்மா, ஒவ்வொருத்தரையா போய்த் தொட்டுப் பாத்துண்டே இருந்தா புதுசா வர காலை யார் எடுக்கறது? இப்படியே போனா மேல இருக்கறவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று எச்சரித்துவிட்டார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் மினுங்கும் விளக்கைப் பார்த்தால் கை தானாகப் போகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. லைன் முழுக்க அழைப்புகள். சாந்தோமிலிருந்து ஒரு பெண். மீன் விற்பவர், பெயர் ஸ்டெல்லா என்றார். மூச்சு வாங்கியது. "எம்மா, எங்க வூட்டுக்காரு போட்டுலயே மயங்கி வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்ட்டாங்கன்றாங்க. அங்கதான் கீறாரா? அந்தோணின்னு பேரு. உசுரோட கீறாரான்னு மட்டும் சொல்லு." கணினியில் தேடினேன். அந்தோணி என்ற பெயரில் ஒருவரை அப்போதுதான் அடையாறு அவசரப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லி, அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு அடையாறைக் கூப்பிட்டேன். "இப்ப எடுக்கறோம் மேடம்" என்றாள் நர்ஸ். எடுக்கவில்லை. நான் ஸ்டெல்லாவிடம் போனேன், வந்தேன், மறுபடி போனேன். முதல் முறை அவர் என்னைத் திட்டினார். இரண்டாம் முறை அழுகை மட்டும் கேட்டது. அதற்குள் வேறு அழைப்புகள் குவிந்தன. ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லாவின் விளக்கு அணைந்திருந்தது.

அந்த அழைப்பைத் தேடினேன். அது என்னிடம் திரும்பி வரவும் இல்லை, மணியடிக்கவும் இல்லை. அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவருடைய எண்ணுக்கு எடுத்தேன், பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. அடையாறில் யாரும் எடுக்கவில்லை. காதுக்குள் அண்ணன் பேசிய கடையில் ஆட்கள் ஓடுவது கேட்கத் தொடங்கியது. தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றேன். அந்தப் பெண்ணைத் தொலைத்துவிட்டேன் என்று உரத்துச் சொன்னேன் போலிருக்கிறது, வரிசையில் நின்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

வைதேகி மேடம் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "எதுக்குடி இப்படி நடுங்கறே? லைட்டு அணைஞ்சா யாரோ எடுத்துண்டுட்டான்னு அர்த்தம். அங்க பேசிண்டிருப்பா. கட்டாயிருந்தாலும் அந்தம்மா திரும்பக் கூப்பிட மாட்டாளா?" எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! விளக்கு அணைவதை இப்படியும் நினைக்கலாம் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் ஸ்டெல்லாவே கூப்பிட்டார். "நர்ஸம்மா அப்பவே பேசிட்டாங்க. கண்ண தொறந்துட்டாரும்மா, கஞ்சி கேக்குறாரு. ஆமா, நடுவுல நடுவுல வந்து இங்கதான் கீறேன் இங்கதான் கீறேன்னது நீயா? மிசினு பேசுதுன்னு நெனச்சி நல்லா திட்டி வுட்டேன். மனசுல வெச்சிக்காத." நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அன்றிலிருந்து மேடம் சொன்னதை அண்ணனுக்கும் பொருத்திப் பார்க்க முயல்கிறேன். எங்கோ ஓர் இடத்தில் வேறு யாரோ அவனை எடுத்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. பகலில் சில நேரம் நம்பவும் முடிகிறது. ஆனால் அவன் திரும்பக் கூப்பிட மாட்டானா என்ற கேள்வி வந்ததும் பயம் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

மாலையில் வேலை முடிந்ததும் மேசைத் தொலைபேசியை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிறேன். இனி மினுங்குபவர்களை அவள் பார்த்துக்கொள்வாள். என் கைப்பைக்குள் இரண்டு கைபேசிகள். ஒன்றில் சென்னை எண். மற்றதில் அண்ணனுக்குத் தெரிந்த பழைய வவுனியா எண்; அது செத்துப்போகாமல் அம்மா அங்கிருந்து காசு போட்டுக்கொண்டே இருக்கிறார். கோவில் குளத்தடியில் பஸ் ஹார்னும் ஆட்டோச் சத்தமும் கோவில் மேளமும் சேர்ந்து இரையும்போது மணியடித்தால் கேட்காது. அதனால் பைக்குள் கையை விட்டு அந்தக் கைபேசியைப் பிடித்தபடியேதான் மந்தைவெளி வரைக்கும் நடக்கிறேன். அண்ணன் வந்து, மேசையில் வைத்த அந்த ரிசீவரை இன்னும் எடுக்கவில்லை. நானும் இன்னும் வைக்கவில்லை.