உஷ்ஷண்ணன் காத்த அமைதி

பெற்றோர் இட்ட பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். நோயாளிகளுக்கும் செவிலியர்க்கும் வாயிற்காவலர்க்கும் அந்த வார்டு உதவியாளர் உஷ்ஷண்ணன்தான்.

இரைச்சலில் நோயாளி உறங்குவதில்லை. உறங்காதார்க்குப் புண் ஆறுவதில்லை, இரத்த அழுத்தமும் தணிவதில்லை என்று தலைமை மருத்துவர் ஒருநாள் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவ்வுரையை மறைமொழியாக நெஞ்சில் ஏற்றவர் இவர் ஒருவரே. ஆதலால் அறுவைப் பிரிவின் அமைதியைக் காப்பது இவர் பொறுப்பாயிற்று.

உருளை கிறீச்சிட்ட உணவு வண்டியை முதலில் விலக்கினார். ஆள்கள் தட்டுகளைக் கையில் அடுக்கிச் சுமந்து வந்து, வாசலில் மோதிக் கலகலவென்று கொட்டினார்கள். மின்விசிறி முனகுகிறதென்று நிறுத்தினார். உறவினர் அனைவரும் செய்தித்தாளை மடித்துச் சடசடவென்று விசிறலாயினர். இவற்றையெல்லாம் அடக்க அவர் விடுத்த "உஷ்" ஒலியோ, குக்கரின் ஆவியையும் நாணச் செய்வது.

அப்படியிருக்க, அவருடைய தமக்கை பித்தப்பைக் கல்லோடு அதே வார்டில் வந்து படுத்தார். இரத்த அழுத்தம் தணியாமையால் அறுவை ஒருமுறை தள்ளிப்போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் தணியாவிட்டால் அவருக்குரிய இடம் வேறொருவருக்குப் போய்விடும். வலியோ நாளுக்கு நாள் ஏறியது.

தம்பியின் பாசம் பொங்கியது. வரம்பு மீறிய ஓசை கேட்டால் வீறிடும் பெட்டி ஒன்றை அலுவலகத்திடம் மன்றாடிப் பெற்று, தமக்கையின் தலைமாட்டுச் சுவரிலேயே மாட்டினார். ஒருவர் தும்மினார், பெட்டி வீறிட்டது. தன் குரலைத் தானே கேட்டு மீண்டும் வீறிட்டது.

"யாருய்யா அது சத்தம் போடறது?" என்று முழங்கினார் உஷ்ஷண்ணன். பெட்டி அதற்கும் விடை பகர்ந்தது.

"டேய், அதைக் கழட்டுடா. காது கிழியுது" என்றார் தமக்கை.

"நீ சும்மா தூங்குக்கா. எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காக வேற வார்டைக் காவல் காக்கக் கூடாதா?"

"அங்க யாரு நம்மளுக்கு இருக்கா?"

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த தையற்காரம்மா எழுந்து உட்கார்ந்தார். "அண்ணே, நேத்து கண்ணு சொக்குச்சு. காதுக்குள்ள வந்து உஷ்ஷுன்னீங்க. நான் பேசவே இல்லியே!"

"பேசிடுவீங்களோன்னு தோணுச்சு."

வியாழன் காலை அழுத்தம் பார்க்க வந்த மூத்த செவிலியர் உதட்டைப் பிதுக்கினார். "குறையவே இல்லியேம்மா."

"சிஸ்டர், அப்படியே என் தம்பிக்கும் பாருங்க" என்றார் தமக்கை.

"எனக்கெதுக்குக்கா?"

"கையை நீட்டுடா!"

நீட்டினார். கருவி காட்டிய எண் தமக்கையின் எண்ணை விஞ்சி நின்றது. செவிலியர் மருத்துவரை அழைத்தார். மருத்துவர் உஷ்ஷண்ணனைத் தமக்கையின் மறுபக்கக் கட்டிலில் படுக்கவைத்து, நோயாளி வாய் திறக்கலாகாது என்று ஆணையிட்டார். பெட்டியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் எழ முயன்றதும், தையற்காரம்மா கட்டிலில் இருந்தபடியே ஊன்றுகோலை நீட்டி அதைச் சுவரினின்று தட்டிவிட்டார். தரையில் விழுந்த பெட்டி ஒரு முறை விக்கி அடங்கியது.

அமைதிக் காவலர் படுத்ததும் உணவு வண்டி திரும்பியது. யாரோ அதன் உருளைக்கு எண்ணெய் இட்டிருந்தனர். மின்விசிறி சுழன்றது, செய்தித்தாள்கள் ஓய்ந்தன. வாய்மூடிக் கிடந்த உஷ்ஷண்ணன் முதலில் கூரையை முறைத்தார். பிறகு விரலசைத்து யாரையோ அதட்டினார். பிற்பகலில் தம்மையறியாமல் உறங்கிப்போனார். அவர் உறங்கியதைக் கண்டபின் தமக்கையும் கண்மூடினார்.

வெள்ளிக்கிழமை அழுத்தம் தணிந்திருந்தது. அறுவை அறைக்கு அழைத்துச் செல்ல ஆள்கள் வந்தபோதும் தம்பி எழவில்லை.

"எழுப்பட்டுமாம்மா? சொல்லிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் செவிலியர்.

"ஐயோ, வேணாம் சிஸ்டர்" என்று தமக்கை குரலைத் தாழ்த்தினார். "முழிச்சு எனக்கு தைரியம் சொல்ல ஆரம்பிச்சான்னா, ஆபரேஷன் அடுத்த வாரம்தான்."