ஏலத்துக்கு வந்த சீமைக் கார்கள்

பழைய காருக்கு மதிப்புப் போடுகிறவனை விற்பவருக்கும் பிடிக்காது, வாங்குபவருக்கும் பிடிக்காது. நகைக்கு மதிப்புப் போடுபவர்களும் கல்யாணத் தரகர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள். எழுபதுகளில் நெய்வேலியில் வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் எனக்கு ஷிப்ட் வேலை. ஓய்வு நாட்களில், ஏலம் நடத்தும் கடலூர்க்காரர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பெரிய வீடுகளில் முடங்கிக் கிடக்கும் கார் அபூர்வமான வண்டியா, வெறும் இரும்பா என்று நான் எழுதித் தரவேண்டும்.

டிரைவர் சீட்டில் கோழி

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டில், யுத்தத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கார். ஜில்லாவிலேயே அந்த மாதிரி ஒன்றுதான் பாக்கி. முதலாளி இறந்தபிறகு அது ஓடவே இல்லை; ஆனாலும் டிரைவர் கோவிந்தன் தினமும் துடைத்து வைத்திருந்தார்.

ஏலத்தில் எடுத்தவர் சென்னைக்காரர். பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். லாரியோடு வந்து கதவைத் திறந்தால், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. தூக்கி வெளியே விடச் சொன்னார். கோவிந்தன் கதவை மறைத்து நின்றுகொண்டார். அன்று லாரி காலியாகத்தான் திரும்பியது. கோவிந்தன் சொன்னது இவ்வளவுதான்: “அடையில உக்காந்துகினு இருக்குது சார். பத்து நாள் குடுங்க. அதுவும் எறங்கிடும், நானும் எறங்கிடறேன்.”

கறை

சுரங்கம் தோண்ட வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் விட்டுப்போன கார் ஒன்று, கைமாறிக் கைமாறி எங்கள் பிளாக்கில் சண்முகம் என்ற திருநெல்வேலிக்காரரிடம் வந்து நின்றது. ஃபிட்டர் வேலை, வீட்டு வாசலில் கப்பல் மாதிரி கார். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அவர் ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது ஏலம் வைத்தார்.

நான் குறைகளை வரிசையாக எழுதினேன். பின்சீட்டில் பெரிய கறை என்று எழுதப்போனபோது, பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி மெதுவாகச் சொன்னார்: “அதை மட்டும் குறைன்னு எழுதாதீங்கண்ணா. எம் பொண்ணு பொறந்த எடம் அது.”

ஓடாத கார்

பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், நிலம் சுரங்கத்துக்குப் போனவர், ஒரு ஏலத்தில் விடாமல் கேட்டு ஒரு நீளமான கறுப்புக் காரை எடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. தனியே கூப்பிட்டு, இன்ஜினில் பாதி இல்லை, பாகம் எங்கேயும் கிடைக்காது, வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, நாலு மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி எனக்கு உறுத்தல். ஒரு வருஷம் கழித்து, முத்தாண்டிக்குப்பம் பக்கம் அவர் கட்டிய புது வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் கார். பின்சீட்டில் அவரும் மனைவியும் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஏறச் சொல்லி, முன்சீட்டில் உட்கார வைத்து, ஒரு பிடி கடலை கொடுத்தார். நான் மறுபடி வருத்தப்பட்டேன். அவர் சிரித்தார். “ஓடாதுன்னு தெரிஞ்சிதாங்க வாங்கனேன். இருந்த நெலமே எங்களை வுட்டுப் போயிடுச்சி. இதுவாவது நின்ன எடத்துல நிக்கட்டும்.”

மொத்தத்தில், நான் பார்த்துப் பார்த்து எழுதிக்கொடுத்த மதிப்பைப் படித்துக் கார் வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை. ஆனாலும் நான் வராமல் ஏலத்தைத் தொடங்க மாட்டார்கள்.