மூன்று விரல் இடைவெளி

என் அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். அவர் கட்டிய சுவரில் ஆணி இறங்காது. காலண்டரை மாட்ட வழியில்லாமல் தரையில் சாத்தி வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவில் நாலு பேராவது உண்டு. அதைப் புகாராகச் சொன்னால்கூட மாமா பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் கட்டில் மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்த தெரு எங்களுடையது. தகரக் கூரைகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருகிறோம் என்று அரசாங்கத்திலிருந்து வந்தார்கள். மழைத்தண்ணீர் வாசலில் தேங்காமல் நிலத்தடித் தொட்டிக்குப் போகும், மாடிப்படி விளக்கு சூரிய மின்சாரத்தில் எரியும் என்று இன்ஜினியர் அம்மா விளக்கினார். அங்கே கொத்து வேலைக்குச் சேர்ந்த மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சுவரில் மட்டும் முரண்டு பிடித்தார். மேற்குச் சுவர் இரட்டைச் சுவராம். நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் காற்றாம். அதுதான் வெயிலைத் தடுக்குமாம்.

"காத்தை வச்சுச் சுவர் கட்டச் சொல்றாங்க. நாளைக்கு விழுந்தா யாரைத் திட்டுவாங்க?" என்று என்னிடம் புலம்பினார். நான் அவருக்குச் சித்தாள். சாந்து குழைப்பது என் வேலை, யோசிப்பது அவர் வேலை என்று இருந்துவிட்டேன்.

இன்ஜினியர் அம்மா இரண்டு நாள் விடுப்பில் போனார். அதற்குள் இரண்டாம் மாடிக் கோடி வீட்டின் மேற்குச் சுவரை எழுப்பிய மாமா, செங்கல் துண்டும் சாந்தும் போட்டு அந்த இடைவெளியைக் கெட்டியாக அடைத்துவிட்டார். இந்த ஒரு வீட்டுக்காரராவது நிம்மதியாக இருக்கட்டும் என்றார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. குழைத்துக் கொடுத்த நானும் புண்ணியத்தில் பங்கு எதிர்பார்த்தேன்.

வீடு ஒதுக்கும் குலுக்கலில் அந்த வீடு மாமாவின் சம்பந்தி அம்மாவுக்கு விழுந்தது. மாமாவின் ஒரே மகள் வாழ்க்கைப்பட்ட வீடு, ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கும் வீடு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் வீட்டுச் சுவர் மட்டும் தனி ரகம் என்று சம்பந்தி அம்மாவிடம் பீற்றிக்கொண்டு வந்தார்.

கோடை வந்தது. மற்ற வீடுகளில் மத்தியானத்திலும் நிம்மதியாகத் தூங்கினார்கள். கோடி வீட்டுச் சுவரில் மட்டும் கை வைக்க முடியவில்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. மகள் அதைத் தூக்கிக்கொண்டு பகலெல்லாம் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். பேரனைப் பார்த்துவிட்டு வந்த மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுங்கள் என்றேன். அந்த அம்மா முன்னால் எப்படித் தலைகுனிவது என்றார்.

கடைசியில் இன்ஜினியர் அம்மாவே வெப்பமானியோடு வந்தார். சுவரை அளந்தார், நோட்டைப் புரட்டினார், மறுபடியும் அளந்தார். சம்பந்தி அம்மாவிடம் போய், "என் கணக்குலதான் எங்கேயோ தப்பு நடந்திருக்கு. மன்னிச்சிடுங்கம்மா," என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மாமா குழந்தையின் சிவந்த கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கணக்கு சரிதாம்மா. நடுவுல அடைச்சது நான்தான்."

அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை அதுவரை வந்ததில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததும் ஒரு காரணம்.

சம்பந்தி அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இதே வீடு வேற யாருக்காவது விழுந்திருந்தா சொல்லியிருப்பீங்களா, சம்பந்தி?"



மறுநாளே மாமா சாரம் கட்டி, வெளிப்பக்கத்திலிருந்து உடைக்க ஆரம்பித்தார். இரண்டு நாளில் கட்டியதை உடைக்க ஆறு நாள் ஆனது. சம்மட்டிக் கைப்பிடி இரண்டு முறிந்தது. எந்த மடையன் இவ்வளவு கெட்டியாகக் கட்டினான் என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டார். நான் குனிந்து செங்கல் பொறுக்கினேன்.

திரும்பக் கட்டும்போது இன்ஜினியர் அம்மா கண்காணிக்க வரவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கடைசி வரிசைக்கு முன்னால் மாமா அந்த மூன்று விரல் இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டியில் சாந்து மிச்சம் இருந்தது.

"அதை எடுத்துட்டுக் கீழே போடா," என்றார். "என் கை சும்மா இருக்காது."