மினியைத் தெரிந்த இன்னொருவர்

சைவக்காரியான நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் மீன் வாங்கியதெல்லாம் என் பூனை மினிக்காகத்தான். மினி செத்தபின் மீன் கடைப் பக்கமே போகவில்லை. “பூனைதானே தீதி!” என்று பக்கத்து ஃப்ளாட்டில் சிரித்தார்கள், அதன்பின் யாரிடமும் சொல்லவில்லை. தனியாள். சோறு இறங்காமல் குளியலறையில் மயங்கி விழுந்தேன். பயந்துபோய் உளவியல் ஆலோசகரிடம் சென்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “மினி உங்களை எப்படிக் கூப்பிடும்?” என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

“மினியைத் தெரிஞ்சவங்க வேற யாரு? அவங்ககிட்டயும் சொல்லுங்க.”

மீன்காரர் ஒருவர்தான். போய்ச் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தினார்.

“ஐயோ தீதி! அவளுக்குன்னு வாராவாரம் தலை எடுத்து வெச்சேனே!”

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். கொஞ்சநேரம் மினியைப் பற்றிப் பேசுகிறோம். வெறும் பையோடு திரும்பி, எனக்கு மட்டும் சோறு வடிக்கிறேன், சாப்பிடுகிறேன்.